ஊசி குத்தியது தெரியாத தையல்காரர்: சர்க்கரை நோய் நரம்புப் பாதிப்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வருபவர் ஒரே ஆள் இல்லை. பாத கிளினிக்குக்கு வரும், ஏறக்குறைய ஒரே கதையுள்ள சிலரைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களையும் கலைத்திருக்கிறேன். பரிசோதனை அளவுகள் இப்படிப்பட்டவர்களிடம் நாங்கள் வழக்கமாகப் பார்ப்பவைதான்.

வந்த காரணம்

வயது 57. தையல்காரர். திருவண்ணாமலை மாவட்டத்தின் வடக்குப் பக்கம் ஒரு சின்ன ஊர். கடைத்தெருவில் பத்துக்குப் பத்து கடை, ஒரு கால் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி. ஜாக்கெட்டும் பள்ளிச் சீருடையும்தான் பிழைப்பு. சர்க்கரை நோய் தெரிய வந்து 13 வருடம். பீடியை ஆறு வருடத்துக்கு முன்பு விட்டுவிட்டார். குடி கிடையாது.

அவராக வரவில்லை, மனைவி இழுத்துக்கொண்டு வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை வீட்டைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், குளியலறை வாசலிலிருந்து சாமி படம் வரைக்கும் சிவப்பாகத் தடம். வலது கால் மட்டும். அதிலும் முழுப் பாதம் இல்லை, பெருவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய் அளவுக்கு வட்டம். குங்குமம் கொட்டிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாராம். ரத்தம் என்று தெரிந்ததும், "யாருக்குக் கால்ல அடி?" என்று முதலில் தேடியவர் நம் தையல்காரர்தான். பேத்தியைத் தூக்கி இரண்டு உள்ளங்காலையும் திருப்பிப் பார்த்திருக்கிறார். தன் காலைப் பார்க்கவில்லை.

"எனக்குத்தான் எங்கயும் வலிக்கலையே டாக்டர். அப்புறம் நான் ஏன் பாக்கப் போறேன்?"

நியாயமான கேள்வி. வலி வந்தால்தான் பார்ப்போம், நாம் எல்லோருமே அப்படித்தான்.

பழைய நோட்டு

மூன்று வருடமாக எங்கள் ஓ.பி.க்குத்தான் மாதாமாதம் வருகிறார். நோட்டைப் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் சாப்பிடும் முன் சர்க்கரை, சாப்பிட்ட பின் சர்க்கரை, பிரஷர், கீழே 'அதே மாத்திரை தொடரவும்'. ஒரு தடவை கண் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறோம். ஒரு தடவை சிறுநீரில் புரதம் பார்த்திருக்கிறோம். பாதம் என்ற சொல் ஒரு பக்கத்திலும் இல்லை. நாலைந்து பக்கத்தில் கையெழுத்து என்னுடையது.

குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய மருத்துவப் புத்தகங்களில், சர்க்கரை நோயாளி வந்தால் ஷூவையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லுங்கள் என்று திரும்பத் திரும்ப வரும். நமக்கு அந்த வேலையே இல்லை. அறை வாசலில் 'காலணிகளை வெளியே விடவும்' என்று போர்டு மாட்டியிருக்கிறோம். எல்லோரும் வெறுங்காலோடுதான் உள்ளே வந்து உட்காருகிறார்கள். இந்த மனிதரும் மூன்று வருடம் வெறுங்காலோடுதான் எதிரில் உட்கார்ந்திருந்தார். கால் மேசைக்கு அடியில் இருந்தது, எங்கள் கண் நோட்டில் இருந்தது.

அந்த போர்டால் இன்னொரு நஷ்டமும் உண்டு. செருப்பு வெளியே நின்றுவிடுகிறது. உணர்வு குறைந்த காலைப் பற்றி நோயாளியால் சொல்ல முடியாததை அவர் செருப்பு சொல்லும். அன்றைக்கு அவர் மனைவியிடம் சொல்லி எடுத்துவரச் செய்தேன். சாதாரண ரப்பர் செருப்பு. வலது செருப்பில் பெருவிரல் மேட்டுக்கு நேராகக் குழி விழுந்து, அடிப்பக்கம் ஓட்டையாக இன்னும் நூல் அளவுதான் பாக்கி. குழியைச் சுற்றிப் பழுப்பாகக் காய்ந்த கறை. ஒரு நாளில் படிந்த கறை இல்லை அது.

பரிசோதனை

கால் குளிர்ந்திருக்கும், நாடி இருக்காது என்று எதிர்பார்த்துத் தொடுபவர்கள் இந்த மாதிரிக் காலில் ஏமாந்துபோவார்கள். இளஞ்சூடு. மேல்பாதத்தில் ரத்தக் குழாய்கள் புடைத்து நிரம்பித் தெரிந்தன. பாதத்தின் இரண்டு நாடிகளும் நன்றாகத் துடித்தன. கணுக்கால், கை ரத்த அழுத்த விகிதம் 1.05. சர்க்கரை நோயில் ரத்தக் குழாய்ச் சுவர் சுண்ணாம்பு படிந்து இறுகிப்போவதால் இந்த விகிதம் பொய்யாக உயர்ந்து காட்டும். அதனால் இதை மட்டும் நம்ப முடியாது. இவருக்கு நாடியும் சேர்ந்து சரியாக இருந்தது. 'கால்ல ரத்த ஓட்டம் இல்ல' என்று ஊரில் எல்லாப் புண்ணுக்கும் சொல்லும் காரணம் இங்கே பொருந்தவில்லை. ஓட்டம் இருந்தது. உணர்வுதான் இல்லை.

தோல் வறண்டு, குதிகாலில் வயல் வெடித்த மாதிரி வெடிப்பு. வியர்வையைச் சுரக்கச் சொல்லும் நரம்புகளும் போய்விட்டன என்பதற்கு இது அடையாளம். விரல்கள் கொக்கி மாதிரி வளைந்திருந்தன. பாதத்துக்குள்ளேயே இருக்கும் சின்னத் தசைகள் நரம்பில்லாமல் சூம்பிப்போனால், வெளியிலிருந்து வரும் நீளத் தசைநார்கள் விரல்களை மடக்கி இழுத்துவிடும். அப்போது விரல் மேட்டு எலும்புகள் கீழே துருத்திக்கொண்டு வரும், உடம்பின் எடை முழுக்க அந்த ஒரு ரூபாய் வட்டத்தில் இறங்கும். அந்த இடத்தில்தான் மெஷின் மிதியின் இரும்புப் பட்டையும் 30 வருடமாக அழுத்திக்கொண்டிருந்தது.

அங்கே கெட்டியாகக் காய்ப்பு. நடுவில் கறுத்த புள்ளி. கால் ஆணி என்று நினைத்து கார்ன் கேப் ஒட்டியிருக்கிறார். அதில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும், உணர்வில்லாத காலில் அது அரிப்பது தெரியவே தெரியாது. பிளேடால் சீவியும் இருக்கிறார். காய்ப்பை நான் அடுக்கு அடுக்காகச் சீவி எடுத்தபோது உள்ளே இரண்டு செ.மீ. அகலத்துக்குப் புண், கொஞ்சம் சீழ், சுற்றிலும் விரலகலம் சிவப்பு. மழுங்கிய உலோகக் கம்பியால் துழாவியதில் எலும்பு தட்டுப்படவில்லை. அது ஒரு நல்ல செய்தி. இவ்வளவும் மரத்துப்போக ஊசி போடாமலே செய்தேன். அவர் என்னிடம் தீபாவளிக்கு எப்போது துணி கொடுக்கப்போகிறீர்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்.

பிறகு நைலான் இழைச் சோதனை. ஒரு பிடியில் செருகிய இழை. தோலில் வைத்து அழுத்தினால் சரியாக 10 கிராம் விசையில் வளையும். முதலில் கையில் வைத்து, இப்படித்தான் இருக்கும் என்று காட்ட வேண்டும். "இது தூண்டில் நரம்புதானே டாக்டர்?" என்றார். ஏறக்குறைய அதுதான். கண்ணை மூடச் சொல்லி, பட்டால் 'ம்' சொல்லுங்கள் என்றேன். வலது காலில் பத்து இடத்தில் இரண்டில்தான் தெரிந்தது, இடது காலில் நாலில். நான் தொடாத நேரத்தில் இரண்டு தடவை 'ம்' என்றார். இந்தப் பொய்த் தொடுகை முக்கியம். நோயாளிகள் டாக்டருக்கு நல்ல பதில் சொல்ல ஆசைப்படுவார்கள்.

நொடிக்கு 128 தடவை அதிரும் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்தால் இரண்டு காலிலும் அதிர்வு தெரியவில்லை. அதிர்வை வோல்ட்டில் அளக்கும் கருவியில் வலது 42, இடது 38. 25-ஐத் தாண்டினாலே புண் வரும் ஆபத்து அதிகம் என்று கணக்கு. கணுக்கால் ரிஃப்ளெக்ஸ் இல்லை. படுத்த நிலையில் பிரஷர் 138/82, எழுந்து நின்றதும் 110/70. மெஷினை விட்டு எழுந்தால் கண் இருட்டுகிறது, பித்தம் என்று இஞ்சிச் சாறு குடிக்கிறேன் என்று மனைவி முன்னிலையில்தான் ஒப்புக்கொண்டார். உட்கார்ந்திருக்கும்போதே நாடி 98. இதயத் துடிப்பு, பிரஷர் மாதிரி தானாக நடக்கும் வேலைகளைக் கவனிக்கும் தானியங்கி நரம்புகளும் பழுதாகியிருக்கின்றன. இப்படிப்பட்டவருக்கு நாளைக்கு மாரடைப்பு வந்தாலும் வலிக்காமல் போகலாம் என்பதால் இ.சி.ஜி. எடுத்தோம்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.8. வைட்டமின் பி12 குறைவு.

எக்ஸ்ரேயில் ஒரு கோடு

எலும்பு அரித்திருக்கிறதா என்று பார்க்கத்தான் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு நன்றாக இருந்தது. விரல் மேட்டுக்குக் கீழே சாய்வாக, வெள்ளை வெளேரென்று ஒரு சின்னக் கோடு. ஒரு செ.மீ. கூட இருக்காது.

ஆபரேஷன் தியேட்டரில் எடுத்த துண்டை ஒரு கிண்ணத்தில் போட்டு அவரிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். மற்றவர்களுக்கு அது ஒரு துருப்பிடித்த துண்டு. அவர் சொன்னார்: "16-ம் நம்பர் ஊசி டாக்டர். காதோட ஒடிஞ்சிருக்கு. ஸ்கூல் பேன்ட்ல மடிப்பு மேல மடிப்பு வர்ற எடத்துல ஒடியும். அப்படின்னா ஜூன் மாசம்."

நாங்கள் பார்த்தது செப்டம்பரில். ஜூனிலேயே குத்தியதா, தரையில் கிடந்து பிறகு ஏறியதா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் விரல் நுனியால் தடவியே ஊசி நம்பர் சொல்லக்கூடிய மனிதரின் காலுக்குள் அந்த ஊசி ஒரு சத்தமும் போடாமல் குடியிருந்திருக்கிறது.

எரிச்சல் போன கதை

இந்த ஆய்வில் நான் அதிகம் நிறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

ஆறு வருடத்துக்கு முன்பு ராத்திரியானால் இரண்டு உள்ளங்காலும் மிளகாய்த் தூள் அப்பின மாதிரி எரிந்திருக்கிறது. போர்வை பட்டால் தாங்காது. ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பாராம். எறும்பு ஊர்கிற மாதிரி, திடீரென்று கரண்ட் வைத்த மாதிரி, எல்லாம் இருந்திருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு 'நரம்புச் சத்து மாத்திரை' வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். இரண்டு வருடத்தில் எரிச்சல் அடங்கிவிட்டது. "அந்த மாத்திரை நல்லாக் கேட்டுச்சு டாக்டர். அதனாலதான் உங்ககிட்ட சொல்லல."

மாத்திரை கேட்கவில்லை. எரிந்துகொண்டிருந்த நரம்பு அணைந்துவிட்டது, அவ்வளவுதான். சர்க்கரை நோயில் முதலில் அடி வாங்குவது பெரும்பாலும் மெல்லிய இழைகள். சூடு, குளிர், குத்தல் எல்லாம் அவை வழியாகத்தான் போகின்றன. பழுதாகிக்கொண்டிருக்கும் இழை காரணமில்லாமல் கத்தும். அதுதான் எரிச்சல். இழை செத்துவிட்டால் கத்தாது. நோயாளி குணம் என்று நினைக்கும் நாளில்தான் கால் முழுசாக ஆபத்துக்குள் இறங்குகிறது. எரிச்சலும் உணர்வின்மையும் ஒரே காலில் சேர்ந்தும் இருக்கலாம். 'எரியுதே, அப்போ உணர்ச்சி இருக்குன்னுதானே அர்த்தம்' என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு கூட்டத்துக்கு எரிச்சல் கட்டமே வருவதில்லை. நரம்புப் பாதிப்பு உள்ளவர்களில் பாதிப் பேர் வரை எந்தத் தொந்தரவும் சொல்லாதவர்கள். ஆகவே 'கால்ல ஏதாவது தொந்தரவு இருக்கா?' என்று கேட்பது வீண். நம் ஊரில் அதைவிட நல்ல கேள்வி ஒன்று உண்டு: "செருப்பு கழண்டது தெரியாம நடந்திருக்கீங்களா?" இவரிடம் கேட்டேன். மனைவி சிரித்துவிட்டார். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீடு வரை வந்து, இன்னொன்றைத் தேடித் திரும்பிப் போன கதையை அவர்கள் வீட்டில் தமாஷாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நரம்புக்குள் நடப்பது

பெருவிரல் நுனியின் உணர்வைச் சுமக்கும் நரம்பணுவின் உடல் இடுப்புப் பக்கம், முதுகெலும்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து விரல் நுனி வரைக்கும் ஒரே இழை, ஏறக்குறைய ஒரு மீட்டர். அதற்கு வேண்டிய சத்தெல்லாம் அந்த உடலில் தயாராகி இழை வழியாகவே நகர்ந்து வர வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வது மாதிரிதான். எங்கே தடை வந்தாலும் முதலில் காய்வது கடைமடை. அதனால்தான் இந்த நோய் விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்ட மாதிரி இரண்டு காலிலும் சமமாக மேலே ஏறுகிறது. முழங்கால் பக்கம் வரும்போது கைவிரல் நுனியிலும் ஆரம்பிக்கும். இது ஒற்றைக் காலில் மட்டும் இருந்தாலோ, வேகமாகப் பரவினாலோ, உணர்வைவிடத் தசை பலம் அதிகமாகப் போனாலோ, சர்க்கரை மேல் பழியைப் போட்டுவிட்டு உட்காராமல் வேறு காரணம் தேட வேண்டும்.

நரம்பணு சர்க்கரையை உள்ளே விட இன்சுலினுக்குக் காத்திருப்பதில்லை. ரத்தத்தில் ஏறினால் உள்ளேயும் ஏறும். மிஞ்சியது சார்பிட்டால் என்ற வேறொரு பொருளாக மாறும். அந்த வேலையில், நச்சுப் பொருள்களை எதிர்க்க நரம்பு வைத்திருக்கும் கையிருப்பு கரைகிறது. சர்க்கரை ஒட்டிய புரதங்கள் சேர்கின்றன. நரம்புக்கே ரத்தம் கொடுக்கும் மயிரிழைக் குழாய்கள் தடித்துச் சுருங்குகின்றன. புகை, கொழுப்பு, பிரஷர் எல்லாம் இந்தக் கடைசி வேலையைத் துரிதப்படுத்தும். 1993-இல் வெளிவந்த அமெரிக்க டி.சி.சி.டி. ஆய்வில், முதல் வகை சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரைப் பின்தொடர்ந்தார்கள். தீவிரமாகச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நரம்புப் பாதிப்பு ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்தது. நம்மிடம் பெரும்பான்மையான இரண்டாம் வகையில் பலன் அவ்வளவு பெரிதாக இல்லை. சர்க்கரை மட்டும் குற்றவாளி இல்லை என்பதே காரணம். போன இழை பெரும்பாலும் போனதுதான். மீதியைக் காக்கலாம்.

இவருக்கு வேறு காரணங்களையும் பார்த்தோம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 உறிஞ்சுவது குறையும். அந்தக் குறையே தனியாக நரம்பைக் கெடுக்கும். அவர் கடையில் வாங்கிய மாத்திரையில் பி12 இருந்ததா, இருந்தாலும் போதுமா என்று யார் பார்த்தார்கள்? அந்த மாத்திரைகளில் பி6 சேர்ந்திருக்கும். அளவுக்கு மிஞ்சி வருடக்கணக்கில் போனால் பி6-உம் நரம்பைப் பழுதாக்கும். தைராய்டு, சிறுநீரகம் சரியாக இருந்தன. முழங்கைக்குப் பின்னாலும் முழங்காலுக்கு வெளிப்பக்கமும் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், தோலில் உணர்வற்ற தேமல் தேடினேன். தொழுநோய் இல்லை.

அப்படித் தடவும்போதே அவர் முகம் மாறிவிட்டது. ஏன் பார்க்கிறேன் என்று தெரிந்துகொண்டார்.

கொல்லிமலைக்காரர்

தொழுநோயை இங்கே இழுக்கக் காரணம் உண்டு. 1914-இல் கொல்லிமலையில், பாதிரியார் வீட்டில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை ஊரும் மருத்துவமும் நம்பியிருந்தன. அப்படி இல்லை, உணர்வு போன கையும் காலும் தினசரி வாங்கும் சூடும் வெட்டும் அழுத்தமும்தான் அவற்றைத் தின்கின்றன என்று அவர் காட்டினார். வலியில்லாத காலுக்கு ஓய்வு கொடுத்தால் புண் ஆறும். காலை முழுக்கப் பிடிக்கும்படி மாவுக்கட்டு போட்டால் நடந்துகொண்டே ஆறும். மெத்தென்ற ரப்பர் செருப்பு போட்டால் திரும்ப வருவது குறையும். வேலூரிலும் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் தேறிய இந்தப் பாடங்களோடு 1966-இல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்து கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் காலைப் பார்த்தபோது அதே புண், அதே இடம், அதே காரணம். இன்று உலகம் முழுக்கச் சர்க்கரை நோயாளிகள் காலில் வைக்கும் 10 கிராம் இழையும் கார்வில் வட்டாரத்துத் தொழுநோய் ஆராய்ச்சியில் தேறி வந்ததுதான்.

எங்கள் ஊரிலிருந்து கரிகிரிக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அந்த அறிவு லூசியானா வரைக்கும் போய்விட்டது. என் மேசைக்கு அடியில் வரவில்லை.

சிகிச்சை

ஊசித் துண்டை எடுத்து, செத்த தசையை வெட்டிச் சுத்தம் செய்து, பத்து நாள் ஆன்டிபயாட்டிக். சிவப்பு அடங்கிய பிறகு, முழங்காலுக்குக் கீழிருந்து விரல் வரை முழுத் தொடர்பு மாவுக்கட்டு. கழற்ற முடியாதது என்பதுதான் அதன் மருந்தே. கழற்றக்கூடிய பூட்ஸ் கொடுத்தால் வீட்டுக்குள் கழற்றிவிடுவார்கள். வலிக்காத காலை யார்தான் சும்மா வைப்பார்கள்? முதல் கட்டை நாலாம் நாள் மாற்றினோம், பிறகு வாரம் ஒரு தடவை. வலது கால் மிதிக்கக் கூடாது என்றதும், "அப்போ சோத்துக்கு?" என்றார். மெஷினுக்கு ஒரு சின்ன மோட்டார் மாட்டி, அதன் மிதியை இடது காலுக்கு மாற்றிக்கொண்டார். ஏழாவது வாரம் புண் மூடியது. எந்தக் களிம்பும் அதை மூடவில்லை. எடை இறங்காமல் இருந்ததுதான் மூடியது.

சர்க்கரையை அவசரப்பட்டு இறக்கவில்லை. ராத்திரி ஒரு வேளை இன்சுலின் சேர்த்து மூன்று மாதத்தில் 9.8-இலிருந்து 8.4, எட்டு மாதத்தில் 7.4. பல வருடம் உயர்ந்திருந்த ஹெச்பிஏ1சியை மூன்று மாதத்துக்குள் இரண்டு புள்ளிக்கு மேல் தள்ளினால் சிலருக்குப் புதிதாகக் கடும் நரம்பு வலி கிளம்பும். பி12 ஊசி போட்டோம். எரிச்சல் இவருக்கு இப்போது இல்லை என்பதால் வலி மருந்து தேவைப்படவில்லை. தேவைப்படுபவர்களுக்கு டுலாக்செடின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் எல்லாம் இருக்கின்றன. எதுவும் நரம்பைச் சரிசெய்யாது, வலியைத் தணிக்கும். எழுந்தால் பிரஷர் இறங்கும் இவர் மாதிரி ஆளுக்கு அமிட்ரிப்டிலின் கொடுத்தால் குளியலறையில் விழுவார்.

செருப்பு

புண்ணை ஆற்றியதைவிடச் சிரமம் இது. ஆறிய புண்ணில் 40 சதவீதம் ஒரு வருடத்துக்குள் திரும்ப வரும். அதனால் அடியில் மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பரும், அதற்குக் கீழே கடினமான ரப்பரும், பின்பக்கம் வாரும் வைத்த எம்.சி.ஆர். செருப்பு கொடுத்தோம். வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் பழைய செருப்பில் வந்தார்.

காரணம் கேட்டால் பேசவில்லை. மனைவிதான் சொன்னார். "இது குஷ்டக்காரங்க செருப்பும்மா, கவர்மென்ட்ல குடுக்கிறது, எங்க தெருவுலயே ஒருத்தர் போட்டிருந்தார்னு சொல்றாரு. ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க வர்றவங்க பாத்தா வருவாங்களா?"

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அது அந்தச் செருப்புதான். அந்தக் கறுப்புப் பட்டையை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தொழுநோயைத் தடவித் தேடியபோது மாறிய முகம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. நாங்கள் சொல்வதெல்லாம் சொல்லிப் பார்த்தோம். பயன்படவில்லை. மூன்று வாரம் கழித்து அவரே வந்தார். அதே எம்.சி.ஆர். செருப்பு. கறுப்புப் பட்டையை வெட்டிவிட்டு, ரெக்சினில் பழுப்புப் பட்டை, இரட்டைத் தையல், உள்பக்கம் பஞ்சு வைத்த துணி. கடைச் செருப்பு மாதிரியே இருந்தது. தையல் முடிச்சு உள்பக்கம் துருத்தாமல் இருக்கிறதா என்று நான் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். துருத்தவில்லை. இப்போது எங்கள் கிளினிக்கில் இன்னும் ஆறு பேர் பட்டையை மாற்ற அவரிடம்தான் போகிறார்கள்.

தினசரி வேலைகள்

கடைத் தரையில் ஊசி, குண்டூசி, ஒடிந்த முனை என்று என்னவெல்லாமோ கிடக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, சாயங்காலம் கடை சாத்தும் முன் தரை முழுக்க இழுக்கிறார். இது நான் சொன்னது இல்லை, அவர் யோசனை. கடைக்குள்ளும் இப்போது வெறுங்கால் கிடையாது. செருப்பில் காலை விடும் முன் கையை விட்டுத் துழாவுகிறார். குளிக்கும் தண்ணீரின் சூட்டைக் காலால் பார்ப்பதில்லை, மனைவி முழங்கையால் பார்க்கிறார். தேங்காய் எண்ணெய் உள்ளங்காலுக்கும் குதிகாலுக்கும் மட்டும், விரல் இடுக்கில் இல்லை. காய்ப்பு வந்தால் பிளேடு வேண்டாம், எங்களிடம் வர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கட்டாயம். புண் வந்து ஆறிய காலுக்கு சர்வதேச வழிகாட்டல் சொல்வது ஒன்றிலிருந்து மூன்று மாதம். இரண்டாம் வகை சர்க்கரை நோய் யாருக்குத் தெரிய வந்தாலும் அன்றைக்கே ஒரு தடவை, பிறகு வருடாவருடம் காலைச் சோதிக்க வேண்டும். நோய் தெரியும் நாளிலேயே நரம்பு பழுதாகியிருப்பவர்கள் உண்டு.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்றை அவர் மகனுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அவனுக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் லேசாக, ஓரிரு நொடி தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. மொத்தம் ஆறு தொடுகை. இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும். கருவி எதுவும் வேண்டாம்.

கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டர் அவர்கள் வீட்டில் சும்மா கிடந்தது. அதைப் பொருளின் சூட்டை அளக்கும் மோடில் வைத்து, ராத்திரி இரண்டு காலிலும் ஒரே இடங்களில் பார்த்துப் பள்ளி நோட்டில் எழுதுகிறார் மனைவி. ஒரு காலுக்கும் இன்னொன்றுக்கும் 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல் வித்தியாசம் இரண்டு நாள் தொடர்ந்தால் நடையைக் குறைத்துவிட்டு எங்களைக் கூப்பிட வேண்டும். வலி சொல்லாத அழற்சியைச் சூடு சொல்லிவிடும். ஒன்பதாவது மாதம் இடது விரல் மேட்டில் மூன்று டிகிரி கூடுதல். மோட்டார் மிதியை இடது காலுக்கு மாற்றியதன் பலன். எலும்பு நொறுங்கும் சார்கோ பாதமோ என்று பயந்து எக்ஸ்ரே பார்த்தோம், இல்லை. மிதியில் ரப்பர் ஒட்டி, நாலு நாள் கடையை மூடினார். இறங்கிவிட்டது. தோல் கிழியவில்லை.

எங்கள் வாசல் போர்டையும் மாற்றிவிட்டோம். 'சர்க்கரை நோயாளிகள் செருப்புடன் உள்ளே வரவும்.' முதல் மாதம் யாரும் நம்பவில்லை, பழக்கத்தில் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள். இப்போதும் பாதிப் பேர் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதுவே போதும்.

பௌர்ணமி

பதினோரு வருடமாக ஒரு பௌர்ணமி விடாமல் திருவண்ணாமலை கிரிவலம் போனவர். 14 கிலோமீட்டர், வெறுங்கால். புண் ஆறிய நாளிலிருந்து ஒவ்வொரு தடவையும் கடைசியாகக் கேட்பது அதுதான். நான் ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்பேன். போன மாதம் பேரம் பேசினார். ஆட்டோவில் சுற்றுவாராம். எட்டு லிங்கத்திலும் இறங்கிக் கும்பிடுவாராம். செருப்பைச் சன்னதி வாசலில்தான் கழற்றுவாராம். கல் சூடு ஆறிய பிறகு, ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் கிளம்புவாராம்.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது மனைவி பையிலிருந்து டார்ச்சையும் ஒரு கைக்கண்ணாடியையும் எடுத்து மேசைமேல் வைத்தார். "எறங்குற எடத்துல எல்லாம் ரெண்டு காலையும் நான் பாத்துட்டுத்தான் திரும்ப ஆட்டோவுல ஏத்துவேன் டாக்டர்."